அக்கம்பக்கத்தில் விசாரித்த வகையில்

நாலு மணிக்கு அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் அழுகைச் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை.

ஜெப்சன் பைக்கை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் நின்றான். ஏரியிலிருந்து ஏறி வந்த பனி பஜாரைத் தின்று முடித்து, பஜ்ஜிக் கடை பல்பை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. வழக்கமாக இந்த நேரத்துக்கு, வீட்டுக்குப் போகிற அவசரத்தில் குழந்தைகள் எல்லாம் ஒரே சுருதியில் ஓலமிடுவதும், அதற்கும் மேலே வெண்ணிலா ஆயா "அட என் ராசா, அட என் ராசா" என்று கத்துவதும், பின்கட்டில் பால் பொங்கி அடுப்பில் தீய்கிற வாடையும் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே வந்துவிடும். இன்றைக்கு வந்தது வேறு வாடை. காப்பிப் பழத்தைத் தோலுரித்துக் குவித்த மேடு நனைந்து, ஊறி, புளித்துப்போனால் ஒரு நெடி வருமே, அது. அறுவடை முடிந்த தை மாசத்து நெடி. இது ஆடி. அதுவும் பஜாருக்கு நடுவில்.

உள்ளே குழந்தைகள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் கிள்ளவில்லை. பிரேயர் சமயத்தில்கூட ஜெப்சன் அப்படி ஓர் ஒழுங்கைப் பார்த்ததில்லை.

"வாங்க ஜெப்சன்" என்று எழுந்து வந்தாள் காப்பகம் நடத்தும் கீர்த்திகா. "நொம்ப தேங்க்ஸுங்க. உங்களாலதான் இன்னிக்கு என் மானம் தப்பிச்சுது."

"நான் என்னங்க பண்ணுனேன்?"

"வெண்ணிலா அவங்கப்பாவுக்குக் காய்ச்சல்னு தலைச்சோலைக்குப் போயிட்டா. ஆளுக்கு எங்க போறதுன்னு கையைப் பிசைஞ்சுட்டு இருக்கேன், காலையில கதவைத் தொறந்தா வந்து நிக்கறாங்க. உங்க அத்தாயி."

"எந்த அத்தாயிங்க?"

"இப்படிக் கேட்டா எப்படிங்க? கொட்டச்சேடு ரோட்டு அத்தாயி. அதான், உங்க ரிப்போர்ட்டுல சாட்சி சொன்னாங்களே, நீலக் கதவு."

ஜெப்சனுக்கு இரண்டு காதும் சுட்டன. ஹெல்மெட் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

அத்தாயி என்று ஒருத்தி கிடையாது. அது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். அவளை உண்டாக்கினதே அவன்தான்.

ஜெப்சனின் வேலை விசாரிப்பது. லாட்ஜ் வாட்ச்மேன், ஸ்கூல் வேன் டிரைவர், காப்பக ஆயா என்று இந்த மலையில் யார் வேலைக்குச் சேர்ந்தாலும், சேலத்து ஏஜென்சி ஒன்றுக்காக அவர்கள் வீடு வரை போய், கதவை லொகேஷனோடு போட்டோ எடுத்து, பக்கத்து வீட்டில் ஒருவரையாவது பிடித்து, ஆள் எப்படி என்று கேட்டு எழுத வேண்டும். ஆயாக்களுக்கு மட்டும் கடைசியில் ஒரு கேள்வி கூடுதல்: உங்கள் பிள்ளையை இவரை நம்பி விடுவீர்களா?

முதல் மாதம் ஒழுங்காகத்தான் போனான். மலை கிராமத்தில் வீடு என்பது பஸ் நிற்கிற இடத்திலிருந்து தொடங்குகிற ஒரு நம்பிக்கை. அட்டை கடித்து, வழியில் காட்டெருமை படுத்திருந்தால் அதற்கு எழுந்திருக்கத் தோன்றுகிறவரை காத்திருந்து, போய்ச் சேர்ந்தால் அக்கம்பக்கம் முழுக்க எஸ்டேட் வேலைக்குப் போயிருக்கும். அடுத்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. கொட்டச்சேடு ரோட்டில், எப்போதோ கைவிட்ட ஓர் எஸ்டேட்டின் கூலிக்காரர் லைன் வீடுகள் ரோட்டிலிருந்தே தெரிகிற மாதிரி வரிசையாக நின்றன. கூரை போனவை, சுவர் போனவை. ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் கதவு மிச்சமிருந்தது. நீல பெயின்ட். ஜெப்சன் அதைப் போட்டோ எடுத்தான். பனி நாளில் போனில் லொகேஷன் புள்ளி மலைக்கு மலை தாவும் என்பதால், எந்த ஊர் என்று எழுதினாலும் சேலத்தில் யாரும் கேட்கப்போவதில்லை. கேட்கவில்லை. அதற்கப்புறம் எந்த ஊர் ஆயாவுக்கும் அதே கதவுதான். கொஞ்சம் தள்ளி நின்று, கொஞ்சம் சாய்த்து.

கதவு இருந்தால் பக்கத்து வீட்டுக்காரி வேண்டுமே. மலையில் கல்லை விட்டெறிந்தால் ஓர் அத்தாயி மேல்தான் விழும் என்பதால் அத்தாயி என்று பெயர் வைத்தான். "டீடெயில் போடுடா, டீடெயில் இருந்தாத்தான் நம்புவாங்க" என்று ஆபீசிலிருந்து வெங்கடேஷ் அண்ணன் சொன்னதற்காக, காப்பிப் பழம் தோலுரிக்கிற மிஷினில் அவளுடைய இடது கைச் சுண்டு விரலைப் போக வைத்தான். அடுத்த ரிப்போர்ட்டில் ஞாபகமில்லாமல் வலது கை என்று எழுதினான். ஒரு தடவை சாட்சியின் குரலைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார்கள். ஜெப்சன் காலேஜில் மிமிக்ரிக்குக் கப் வாங்கியவன். பாத்ரூமில் நின்று, வாயில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு, கரகரத்த பெண் குரலில் பேசினான்: "நொம்ப நல்ல மாதிரிங்க. பிள்ளைங்கன்னா உசுருங்க. எம் பிள்ளையா இருந்தா நம்பி உடுவேனுங்க." நன்றாக வந்திருந்தது. கூட்டாளிகளுக்குப் போட்டுக்காட்டினான்; எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்னொரு தடவை, அந்த அம்மாவிடம் நேரில் பேசணும் என்று யாரோ கேட்டபோது, 'சாட்சி காலமானார்' என்று எழுதி அவளைக் கொன்றுவிட்டான். மழைக்காலம் முடிந்ததும் மறந்துபோய் மறுபடி அவளையே சாட்சியாகப் போட்டான். அதையும் யாரும் கேட்கவில்லை.

"பின்கட்டுலதான் இருக்காங்க. வந்து பாருங்க" என்றாள் கீர்த்திகா. "காலையிலயே இவங்க விவரத்தை உங்க ஆபீசுக்கு அனுப்பிட்டேன். மத்தியானத்துக்குள்ள க்ளியர்னு வந்துருச்சு."

பின்கட்டில் விளக்கு போடவில்லை. ஜன்னல் வழியாகப் பனி வெளிச்சம் வெள்ளைத் துணி மாதிரி தொங்கியது. அடுப்புக்கு முன்னால் ஒரு பெண் முதுகு காட்டி உட்கார்ந்து, டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தலையோடு முக்காடு. மெலிந்த, ஈரமான, சாதாரண முதுகு. அவன் முகத்தை எதிர்பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான். இடது கையில் சுண்டு விரல் இருக்க வேண்டிய இடம் மொழுமொழுவென்று முடிந்திருந்தது. அவள் வலது கையால் அடுத்த டம்ளரை எடுத்தாள்.

அந்தக் கையிலும் இல்லை.

"பாவம், ரெண்டு கையிலயும்" என்று கீர்த்திகா தாழ்ந்த குரலில் சொன்னாள். "ஆனா பிள்ளைங்க என்னமா அடங்கியிருக்குதுங்க பார்த்தீங்களா?"

இப்போது சொல்லியிருக்கலாம். மேடம், இந்தம்மா யாரென்று எனக்குத் தெரியாது. அவ்வளவுதான் வாக்கியம். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்கு அடுத்ததும் வரும். பாத்ரூம் வரைக்கும் வரும்.

"பிள்ளைங்களைக் கொஞ்சம் பார்த்துக்கங்க" என்றான்.

முக்காடு மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது, கேட்டுக்கொண்டேன் என்கிற மாதிரி.

ரூபி அவனுடைய அக்கா மகள். நாலு வயசு. அக்கா லூர்துசெல்வி லாட்ஜ் ஒன்றில் பில் போடுகிறாள், மாமா கத்தாரில் இருக்கிறார். காப்பகத்திலிருந்து ரூபியைக் கூட்டி வருவது ஜெப்சனின் பொறுப்பு. அக்கா அவளை அங்கே சேர்த்ததே, "எந்தம்பி விசாரிச்சு எழுதுன இடம்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான்.

பைக்கில் முன்னால் உட்கார்ந்து, சிவப்பு ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டுக்கொண்டு, ரூபி வேகவைத்த கடலையை உடைத்துத் தின்றாள். பனியில் ஹெட்லைட் முன் சக்கரத்தைத் தாண்டவில்லை. சில்வர் ஓக் மரங்களிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம், யாரோ பின்னாலேயே வந்து நாக்கைச் சப்புக் கொட்டுகிற மாதிரி கூடவே வந்தது.

"புது ஆயா எப்படி கண்ணு?"

"உன்னைத் தெரியும்னாங்க. நீதான் வேலை வாங்கிக் குடுத்தியாம்."

"வேற என்ன சொன்னாங்க?"

"ஆயா சாப்பிட மாட்டாங்க. சாப்பிடுவாங்கன்னு நீ எழுதவே இல்லையாம்."

ஜெப்சன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். அப்போதுதான் அவள் கடலை உடைக்கிற விதத்தைக் கவனித்தான். இரண்டு கைச் சுண்டு விரலையும் உள்ளங்கைக்குள் இறுக்கி மடக்கி வைத்திருந்தாள். நுனி வெளுத்துப்போயிருந்தது.

"ஏங் கண்ணு விரலை மடக்கி வெச்சிருக்கே?"

"பழகறேன்."

"எதுக்கு?"

"பழகிட்டா வலிக்காதாம்" என்று சொல்லிவிட்டு ரூபி இன்னொரு கடலையை உடைத்தாள்.

அவன் அவள் விரல்களைப் பிரித்துவிட்டான். கையை எடுத்ததும் அவை தாமாகத் திரும்ப மடங்கிக்கொண்டன.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய் வெங்கடேஷுக்கு போன் போட்டான்.

"அண்ணா, அந்த அத்தாயி பைல்..."

"க்ளியர் பண்ணிட்டேன்டா. ஏன்?"

"யாரை விசாரிச்சீங்க?"

"எதுக்குடா விசாரிக்கணும்? உங்க மலையில இருக்கிற பாதி ஆயாவுக்கு அந்தம்மாதான் சாட்சி. அத்தனை பேருக்கு சாட்சி சொன்னவங்களுக்கு இன்னொருத்தன் சாட்சி சொல்லணுமா?"

"ஒரு தடவை செத்துட்டாங்கன்னு எழுதியிருப்பேன், பாருங்க."

வெங்கடேஷ் சிரித்தான். "ஆமாண்டா, சிஸ்டம் காட்டுச்சு. டைப்பிங் மிஸ்டேக்னு எடுத்து விட்டுட்டேன். ஏன், நிஜமாவே செத்துட்டாங்களா?"

ஜெப்சன் போனைக் கட் செய்தான். ஏதாவது ஒரு பதில் உண்மையாக இருக்க வேண்டுமே.

கீழே அக்கா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு ரூபியை அனுப்ப வேண்டாங்க்கா" என்றான்.

"ஏன்டா?"

"சளி."

லூர்துசெல்வி தோசைக் கரண்டியோடு வந்து மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "சளியும் இல்லை, கிளியும் இல்லை. உனக்குக் காலையில எந்திரிச்சு கொண்டுபோய் விடச் சோம்பல். கீர்த்திகா மேடம் போன்ல என்ன புகழ்ச்சி தெரியுமா? 'உங்க தம்பி மாதிரி பொறுப்பான பையன் இல்லைங்க'ன்னு. எனக்கு அழுகையே வந்துருச்சு." அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. அவன் தோசையைப் பார்த்தான். காது சுட்டது. மூன்று தோசை தின்றான். அதற்கும் வெட்கமாக இருந்தது.

மறுநாள் ரூபியைக் கேட்டில் விட்டபோது, அவன் உள்ளே பார்க்கவில்லை.

வெண்ணிலாவைக் கையோடு திரும்பக் கூட்டி வந்துவிட்டால் இந்த அத்தாயி தானாகப் போய்விடுவாள், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கணக்கோடுதான் கிளம்பினான். இடையில் ஒரு லாட்ஜ் வாட்ச்மேன் வேலை, ஒரு பஞ்சர். தலைச்சோலைக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம் சாய்ந்துவிட்டது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து காப்பித் தோட்டத்துக்குள் இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏறி, மூச்சு வாங்க நின்றபோது வெண்ணிலா வாசலில் முறத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா? எனக்கு விசாரிச்சு எழுதி ரெண்டு வருசமாச்சு."

அவன் சிரிக்கப் பார்த்தான்.

"மேடம் நீங்க எடுத்த போட்டோவைக் காட்டுனாங்க. நீலக் கதவு! எங்கூட்டுக் கதவு தகரமுங்க, பாருங்க. சிரிப்பு வந்துருச்சு. சொன்னா வேலை போயிருமேன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்."

"பக்கத்துல அத்தாயின்னு யாராச்சும்..."

"ஏனுங்க, அத்தாயி இல்லாத ஊருங்களா இது? எஞ்சின்னம்மா ஒரு அத்தாயி, கடைக்காரம்மா ஒரு அத்தாயி. மேடம் சொன்ன மாதிரி ரெண்டு கையிலயும் சுண்டு விரல் இல்லாத அத்தாயி யாரும் இல்லைங்க. காலையில மேடத்துக்கு போன் போட்டேன், அப்பனுக்குக் காய்ச்சல் விட்டுருச்சு, நாளைக்கு வர்றேன்னு. 'அத்தாயி இருக்காங்க, நீ மெதுவா வா'ன்னுட்டாங்க." முறத்தைக் கீழே வைத்தாள். "யாருங்க அது? பிள்ளைங்க பத்திரமாத்தான இருக்கு?"

"இருக்கு."

"நீங்க பார்த்துக்குவீங்க" என்றாள் வெண்ணிலா. கிண்டல் இல்லாமல்தான் சொன்னாள். அதுதான் சுட்டது. "வந்ததுதான் வந்தீங்க, இப்பவாச்சும் நெசக் கதவைப் போட்டோ எடுத்துக்கங்க." முந்தானையைச் சரி செய்துகொண்டு, தகரக் கதவின் முன்னால் விறைப்பாக நின்றாள். மறுக்க முடியாமல் எடுத்தான். ஓடையைத் தாண்டிய பிறகு போனைத் திறந்து பார்த்தான். படத்தில் வெண்ணிலா சிரிக்காமல் நின்றாள்.

அவளுக்குப் பின்னால் கதவு நீலமாக இருந்தது.

திரும்பிப் பார்க்கலாம் என்று நினைத்தான். பார்க்கவில்லை. பாதி ஏற்றத்தில் சிக்னல் வந்து போன் அடித்தது. அக்கா.

"டேய், நீதான் சொன்னியாமே? ரூபியை ஆயா கூட்டிட்டுப் போயிட்டாங்களாமே?"

"எங்க?"

"கொட்டச்சேடு ரோட்டுக்கு, அவங்க ஊட்டுக்கு. 'ஜெப்சன் சாமி அங்க வந்து கூட்டிக்குவாங்க'ன்னு சொன்னாங்களாம். உனக்குத் தெரிஞ்சவங்கதானேன்னு மேடம் அனுப்பிட்டாங்க. நீ சொன்னியா இல்லையா?"

"அக்கா..."

"சொன்னியாடா?"

"ம்" என்றான் ஜெப்சன். "நான் போறேன். நீ பதறாதே."

"பதறலை. நானும் மேடமும் ஜீப்புல வர்றோம். நீ எடுத்த போட்டோ அவங்க போன்ல இருக்கு, ஆயாவும் அந்த நீலக் கதவுதான் எங்கூடுன்னாங்களாம். கதவைப் பார்த்துக் கண்டுபிடிச்சுக்குவோம்."

கொட்டச்சேடு ரோட்டில் பனி இறங்கியிருக்கவில்லை. பனிக்குள் ரோடு இறங்கியிருந்தது. ஆறு மணிகூட ஆகவில்லை, அதற்குள் மரங்களுக்கு அடியில் இருட்டு தண்ணீர் மாதிரி தேங்கத் தொடங்கியிருந்தது. லைன் வீடுகள் இருக்கிற மேட்டில் அவன் வண்டியை அணைத்ததும், சுற்றிலும் சொட்டுகிற சத்தமும் அதற்கு அடியில் அந்த நெடியும் வந்து நின்றன: புளித்த, இனித்த, அழுகிய பழத்தோல் நெடி, நாக்கில் ஒட்டுகிற அளவுக்குக் கெட்டியாக. செல்போன் டார்ச்சைத் தூக்கிப் பிடித்தான்.

கதவு இருந்தது. நீலம்.

அதற்குப் பக்கத்து வீட்டில் கதவு இருக்கக் கூடாது. இருந்தது. நீலம்.

அதற்கும் பக்கத்தில். அதற்கும். கூரை போன வீடு, சுவர் போன வீடு, எல்லாவற்றுக்கும் அதே கதவு, அதே இடத்தில் பெயின்ட் உரிந்து, அதே துருப்பிடித்த நாதாங்கியோடு. கொஞ்சம் தள்ளி. கொஞ்சம் சாய்ந்து. வெளிச்சம் போகிற வரைக்கும். பனி தொடங்குகிற வரைக்கும்.

முதல் கதவைத் தட்டினான்.

"யாருங்க அது?"

கரகரத்த குரல். துணி வழியாக வருகிற குரல். அவனுக்குத் தெரிந்த குரல். ஈர டைல்ஸில் மோதித் திரும்புகிற எதிரொலிகூட அதில் அப்படியே இருந்தது.

"ரூபியை அனுப்புங்க."

"ஆளு தெரியாம பிள்ளையைக் குடுக்க முடியாதுங்களே சாமி. உங்களுக்கு சாட்சி யாராச்சும் இருக்காங்களா, அக்கம்பக்கத்துல?"

அவன் அக்கம்பக்கம் பார்த்தான்.

"ரூபி! மாமா வந்திருக்கேன் கண்ணு!"

"மாமா" என்றது உள்ளே. அழாத குரல். எதிலோ மும்முரமாக இருக்கிற குரல்.

"சரி, சாட்சி வேண்டாமுங்க" என்றது அந்தக் குரல், கதவுக்கு வெகு அருகில். "ஒன்னே ஒன்னு சொல்லுங்க போதும். அத்தாயின்னு ஒருத்தி இல்லை, நாந்தான் எழுதுனேன்னு சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி. பிள்ளையை உட்டுட்டு நான் போயிடறேன்." கொஞ்சம் நிறுத்தியது. "ரெண்டு கையும் வலிக்குதுங்க சாமி. ஒருக்கா செத்தும் போயிட்டேன். போதுமுங்க."

அதில் மிரட்டல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. தான் உண்டாக்கி வைத்த அதற்கு இவ்வளவு நாளும் வலித்திருக்கிறது என்பது அவனுக்கு இப்போதுதான் தோன்றியது. சொல்லிவிடலாம். யாரும் இல்லை. இப்போதே.

பின்னால் ஜீப் வெளிச்சம் திரும்பியது. கதவுகள் எல்லாம் ஒரு தடவை நீலமாக எரிந்து அணைந்தன. லூர்துசெல்வி செருப்பு வழுக்க ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் கீர்த்திகா, போனை முன்னால் நீட்டிக்கொண்டு.

"ரூபி எங்கடா?"

"உள்ள."

"அப்புறம் ஏன்டா வெளிய நிக்கறே?"

வாயைத் திறந்தான். "அக்கா, அத்தாயின்னு..."

"அத்தாயிக்கு என்ன?" அக்கா அவன் கையைப் பிடித்தாள். ஈரக் கை. "இது அவங்க ஊடுதானே? உனக்குத் தெரிஞ்சவங்கதானேடா?"

கீர்த்திகாவும் அவன் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பேர் முகத்திலும் ஒரே விஷயம் இருந்தது. அவன் ஆமாம் என்பான் என்கிற நம்பிக்கை. காது சுட்டது. கழுத்து சுட்டது. ஒரு நிமிஷம். குழந்தை முதலில் வெளியே வரட்டும். அப்புறம் தனியாக. கீர்த்திகா இல்லாதபோது. அக்காவிடம் மட்டும். பக்குவமாக. ஒரே ஒரு நிமிஷம்.

"தெரிஞ்சவங்கதாங்க்கா" என்றான். "நொம்ப நல்ல மாதிரி. பிள்ளைங்கன்னா உசுரு."

கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சை விட்டார்கள். நீளமான, களைத்த மூச்சு.

"எம் பிள்ளையா இருந்தா" என்று குரல் எடுத்துக்கொடுத்தது.

அவன் சொல்லவில்லை. உதடு சொல்லிற்று. "நம்பி உடுவேனுங்க."

"சரிங்க சாமி."

அந்த 'சரிங்க சாமி' ஒரு கதவிலிருந்து வரவில்லை. வரிசை நெடுக வந்தது.

பிறகு கரக் என்றது. இரும்பு. கைப்பிடி போட்டுச் சுற்றுகிற, பல் வைத்த இரும்பு. கரக். மறுபடி கரக். பழம் போடாமல் சுற்றினால் தோலுரிக்கிற மிஷின் இப்படித்தான் சத்தம் போடும்.

"எந்த ஊட்டுலடா கேக்குது?" லூர்துசெல்வி கீர்த்திகாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கி, படத்தை முதல் கதவோடு வைத்துப் பார்த்தாள். அதுதான். அடுத்ததோடு வைத்துப் பார்த்தாள். அதேதான். ஓடினாள். அதற்கும் அடுத்தது. "ஜெப்சா! எந்த ஊடு? நீதானடா பார்த்து எழுதுனே! எந்த ஊடு?"

அவனுக்குத் தெரியவில்லை.

கரக்.

கதவுகள் திறந்தன. எல்லாம். ஒரு சாண். ஒவ்வொரு கதவின் விளிம்பையும் உள்ளிருந்து ஒரு சின்னக் கை பிடித்திருந்தது. சிவப்பு ஸ்வெட்டர். எல்லாக் கதவிலும் சிவப்பு ஸ்வெட்டர்.

"மாமா" என்றன எல்லாக் கதவுகளும்.

டார்ச்சைத் தூக்கினான். கட்டை விரலோடு சேர்த்து எண்ணினான். நாலு.

அடுத்த கதவு. நாலு.

அடுத்தது.

மடக்கித்தான் வைத்திருக்கிறாள். பழகுகிறாள். மடக்கித்தான்.